திருவெம்பாவையில் மழை

மணிவாசகப் பெருமான் அருளிய திருவெம்பாவை இருபது திருப்பாட்டுக்களுள் 16-ஆவது மழையை விளித்துக் கூறுவது. கடல்நீர் முகந்தெழுந்த முகில் கருத்தல், மின்னுதல், இடித்தல், வில்லிடுதல், பொழிதல் என்னும் ஐந்தும் அதன்கண் முறையே வைக்கப்பட்டன. இக்காலத்து இயற்கை நூலார் கண்டதனையே அடிகள் முன்னர்க் கூறினாரெனக் கொண்டு மகிழ்வர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? கடல்நீர் ஞாயிற்றின் வெம்மையால் உப்பொழிந்து ஆவியாயெழுந்து குளிர்ந்து முகிலாதலும், மின்னின் வெம்மையாற் காற்று விரிந்து இடியொலி பிறத்தலும் அம்முறைக்கு ஒக்கும், வானவில் ஒவ்வாது. நீர்த்துளியின்கண் வெயிற்கதிர் புக்கு முறிந்து மீளுதலானன்றி வில் தோன்றாதாகலின், மழை முன்னும் வில் பின்னுமாதல் வேண்டும்.

அற்றேல், வில்லை முன்வைத்தது என்னையெனின், கூறுதும். முகிலுக்கு அம்மையின் திருமேனியும், மின்னுக்கு இடையும், இடிக்குச் சிலம்பொலியும், வில்லுக்குப் புருவமும், மழைக்கு அருளும் உவமமாயின. உலகப்பொருள் கொண்டு இறைவியைப் புனைதல் புலவர் வழக்கு. ஈண்டோ இறைவி உவமமாய் நிற்ப, உலகப்பொருள் அவளால் விளக்கமுற்றது. உவமம் உயர்ந்ததாதல் வேண்டுமென்னும் தொல்காப்பியர் கருத்தும் இதனாற் பேணப்பட்டது. புருவத்தின்கீழ் நின்று பொழிவது திருநோக்கின் அருளாகலின், வில்லின் பின்னர் மழை வைத்தார். முறை அம்மையின் முறையேயன்றி முகிலின் முறையன்று.

இனி, மழையே சத்தியெனக் கூறுவாரும் உளர். அடிகள் அருள்போலப் பொழிகவென்றாரேயன்றி, அருளே மழையென்றாரல்லர். மழை மாயையின் காரியமாகிய சடம். அதனை இயக்குவது இறைவனிற் பிரியாத சத்தி. இவ்வேறுபாடு மறப்பின் பாட்டும் கெடும், சித்தாந்தமும் கெடும்.