கல்லா, கதையா?

மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது யானைமலை. பார்ப்பவர் எவரும் அதற்கு அப்பெயரையே இடுவர். ஆனால் திருவிளையாடற் புராணத்துக்கு அது போதவில்லை. மதுரையை அழிக்கச் சமணர் வேள்வியில் யானையொன்றை எழுப்பி ஏவினராம். சிவபெருமான் நரசிங்கக் கணை தொடுத்தாராம். வீழ்ந்த யானை மலையாயிற்றாம். கணை நரசிங்க மூர்த்தியாயிற்றாம்! பாட்டின் நயத்தை நாம் மறுக்கவில்லை. அதனை வரலாறென்று விற்பதைத்தான் மறுக்கிறோம்.

கல்லைக் கேட்போம். மலைக்குகையில் ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அம்மலையை 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்பது யானை. அடிவாரத்து நரசிங்கர் குடைவரைக்கோ கி.பி. 770 என்று ஆண்டே பொறித்திருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன் காரி குடைவித்தான். நீர் தெளிக்குமுன் மாண்டான். தம்பி மாறன் எயினன் முடித்தான். யானைப் பெயர் முன்னே. நரசிங்கர் பல நூற்றாண்டு பின்னே. இரண்டும் ஒரே கணையில் பிறந்தது எங்ஙனம்?

அமைச்சன் பார்ப்பனர்க்கு அக்கிரகாரம் ஈந்ததையும் அக்கல்வெட்டே கூறுகிறது. துறவியர் உறைந்த மலையின் அடியில் கோயில் வந்தது. கூடவே குடியேற்றமும் வந்தது. மலையை வென்றது கணையன்று, மானியம்!

நம் தோழர்க்கும் ஒரு சொல். எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையை மேடைதோறும் முழங்குகிறோம். அதைப் பாடும் பெரிய புராணம் 12-ஆம் நூற்றாண்டினது; சம்பந்தரோ 7-ஆம் நூற்றாண்டினர். ஒரு புராணத்தைப் புளுகென்று தள்ளிவிட்டு, மற்றொன்றைச் சாட்சிக்கு அழைப்பது பகுத்தறிவாகுமா? சம்பந்தருக்குப் பின்னரும் இதே மலையில் சமணத் திருமேனிகள் செதுக்கப்பட்டன. அச்சணந்தியின் பெயர் அங்கே நிற்கிறது. அவற்றுள் ஒன்றுக்கு நரசிங்கமங்கலத்துச் சபையாரே காவல் என்கிறது எழுத்து. சபை என்பது பார்ப்பனர் ஊரவை! சமயப்பகை பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஒரே நாளில் ஒரு சமயம் அழிந்ததென்பதைக் கல் ஒப்பவில்லை என்கிறோம். நமக்குக் கசந்தாலும் சான்று சான்றே.

2009-இல் இம்மலையைச் சிற்ப நகராக்கும் திட்டம் எழுந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர், திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் காத்தது பாறையை மட்டுமன்று; பொய்க்கு மறுப்புரைக்கும் ஏட்டையுமாகும்.

இளைஞர்களே, ஏறிப் பாருங்கள்! கதையைக் கேட்டுத் தலையாட்டாதீர். கல்லைப் படித்துத் தலை நிமிருங்கள்!