மூன்றாவது சுற்று

ஆத்தூரில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் ரேடியோ செட்காரர் பழைய பாட்டுகளாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஆணும் பெண்ணும் பாடுகிற ஒரு பாட்டு வந்ததும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அம்மாயியின் விரல் அப்படியே நின்றது. "ஏங்கண்ணு, பொண்டாட்டிய மலையிலிருந்து தள்ளிவிடக் கூட்டிட்டுப் போறவன் பாட்டு இது. இதையா கல்யாண ஊட்டுல போடறது?" என்றார். சொன்னாரே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரி வரை கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையை மடித்தார்.

அது 'மந்திரி குமாரி' படத்துப் பாட்டு. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். இசை ஜி. ராமநாதன். பாடியவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும். செட்காரரைக் குறை சொல்ல முடியாது. படம் பார்க்காமல் கேட்டால் அது காதல் பாட்டேதான். பயமுறுத்தும் வாத்தியம் கிடையாது, இடி மின்னல் கிடையாது. புதுப் பெண்டாட்டியை ஒருவன் கொஞ்சிக் கொஞ்சி மலைக்கு அழைக்கிறான், அவளும் இழைந்து பதில் பாடுகிறாள். ஆனால் அவன் எப்பேர்ப்பட்டவன் என்று கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கிடாய்க்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தட்டிக்கொடுத்துத்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அந்தத் தட்டிக்கொடுத்தலை ராமநாதன் மெட்டாகவே போட்டிருக்கிறார். மெட்டு இனிக்க இனிக்க நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உச்சிக்குப் போனபின் வேஷம் கலைகிறது. சாவதற்கு முன் கணவனை மூன்று முறை வலம்வர வேண்டும் என்கிறாள் அமுதவல்லி. அவனும் சம்மதிக்கிறான். வலம் என்றால் பாதி வட்டம் முதுகுக்குப் பின்னால்தானே! தெய்வமாக நிற்க ஆசைப்பட்டவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? முதல் சுற்றில் நமக்குப் பரிதாபம், இரண்டாவதில் சந்தேகம். மூன்றாவதில் அவன் பள்ளத்தில். பதிவிரதைக்கென்று சொல்லிவைத்த சடங்கையே அவள் ஆயுதமாக்கிக்கொள்கிறாள். எத்தனையோ திகில் படங்கள் பார்த்தாயிற்று. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பதைக்கவைத்த காட்சி எனக்கு வேறொன்று நினைவில்லை.

இந்த முடிச்சு புதிதல்ல. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. நூல் முழுசாகக் கிடைக்கவில்லை, கதை மட்டும் பிழைத்தது. அதை எடுத்து ராஜகுருவின் மகன், இரவுக் கொள்ளை, சிம்மாசன ஆசை என்று நாடகமாக வளர்த்தவர் மு. கருணாநிதி. படம் வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயதுதான். கொள்ளையடிப்பதும் ஒரு கலைதான் என்று அப்பனிடமே வாதாடுகிற பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன். அந்தத் திமிரையும் இழுத்துப் பேசும் பேச்சையும் ரசிக்காமல் இருக்க முடியாது. நாம் ரசித்துவிட்டோம் என்பதுதான் மலையுச்சியில் நம்மை இன்னும் பதற வைக்கிறது. ராஜகுரு எம்.என். நம்பியார். அதே வருஷம், அதே ஸ்டுடியோவின் 'திகம்பர சாமியார்' படத்தில் மாறுவேடங்களில் துப்பறிந்தவரும் அவர்தான். கதாநாயகன் எம்.ஜி.ஆர். ஆனால் வில்லனை முடிப்பது அவரல்ல, அமுதவல்லியாக வரும் மாதுரி தேவி. பின்னாளைய எம்.ஜி.ஆர். படத்தில் இது நடக்குமா?

குறை இல்லாமல் இல்லை. சபைக் காட்சிகளில் வசனம் நீண்டுகொண்டே போகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மலைக்காட்சியில் இயக்குநர்கள் எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் அவசரப்படவே இல்லை. டங்கனுக்குத் தமிழ் தெரியாது என்பார்கள். இந்தக் காட்சிக்குத் தெரியத் தேவையும் இல்லை.

திருச்செங்கோட்டுக்காரரான சுந்தரம் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவந்த அவருடைய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் இன்று மிச்சமிருப்பது சேலம் ஏற்காடு சாலையோரத்து நுழைவு வளைவுதான். ஏற்காட்டுக்கு வண்டியில் போகிறவர்கள் அங்கே ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்பதானால் மட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் கதையை முதலில் சொல்லிவிடுங்கள்.