அரும்பு என்பது சாதியன்று!

ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே ஆசிரியர். ஆனால், பிள்ளைகள் அனைவரும் ஒரே படியிலா நிற்கின்றனர்? ஒருவன் தடையின்றிப் படிக்கிறான். ஒருத்தி எழுத்துக் கூட்டுகிறாள். மற்றொருவனுக்கோ 'க' இன்னும் வெறுங்கோடு! மூவர்க்கும் ஒரே வேகத்தில் பாடத்தை ஓதிவிட்டு, "படிப்பு ஏறவில்லை, தலையெழுத்து" என்று கைகழுவியது பழைய பள்ளி. தலையெழுத்தென ஒன்றில்லை, தோழர்களே. கற்றுத்தராத எழுத்துத்தான் உண்டு!

அந்தப் பொய்யைத் துடைக்க எழுந்த முயற்சிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவிப் பாடங்களை அட்டைகளாக்கி, ஏணிப்படிகளாய் அடுக்கி, அவரவர் வேகத்தில் ஏறச் செய்தது அது. மற்றொன்று, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்'. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, பின்னர் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அதில் பிள்ளைகளின் நிலைகளுக்கு இட்ட பெயர்கள்: அரும்பு, மொட்டு, மலர்.

அந்தப் பெயர்களைப் பாராட்டுகிறோம். ஏன்? தஞ்சைத் தரணியில் வாழும் நமக்குக் குறுவை, சம்பா என்னும் உவமை எளிதில் நாவில் வரும். குறுவை நான்கு மாதத்திற்குள் அறுவடைக்கு வரும். சம்பா ஐந்து மாதம் கேட்கும். அழகிய உவமைதான், ஆனால் நஞ்சு தோய்ந்தது! குறுவை ஒருநாளும் சம்பாவாகாது. விதையிலேயே அவை வேறு. "விதையிலேயே வேறு" என்பதன்றோ வருணம் பேசிய பழங்கதை? அரைநாள் பள்ளி, மறுபாதி அப்பன் தொழில் என்று 1953-இல் வந்த திட்டமும் அக்கதையின் மறுபதிப்பே! நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அரும்போ அத்தகையதன்று. அரும்பே மொட்டாகும், மொட்டே மலராகும். நிலை வேறு, குலம் ஒன்று!

ஆனால், பெயரிலுள்ள பெருமை நடைமுறையிலும் நிற்கவேண்டாமா? ஆண்டு முழுதும் ஒரு பிள்ளையை ஒரே குழுவில் அமர்த்தினால், அரும்பு என்பது பட்டமாகும், பட்டம் பழியாகும். நடவுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை மூத்த மகளிடம் விட்டுச் செல்கிறாள். மகள் பத்துநாள் பள்ளிக்கு வரவில்லை. அவள் அரும்பில் நிற்பது அறிவின் குறையா, கூலி வாழ்வின் குறையா? கடையில் சில்லறை எண்ணி வாங்குவதில் அவளே மலர்!

ஈராசிரியர் பள்ளியிலோ ஒருவரே மூன்று வகுப்புகளைத் தாங்குகிறார். வகுப்புக்கு மூன்று நிலையென்றால் ஒன்பது குழு! அவர் கையில் கையேட்டைத் திணித்து, கைப்பேசிச் செயலியில் நிலையைப் பதியச் சொல்வதால் பயனென்ன? நிலையைப் பதிவது கணக்கு. நிலையை மாற்றுவதே கல்வி.

எனவே நாம் கேட்பவை மூன்று. எழுத்துக்கு ஒரு குழு, எண்ணுக்கு ஒரு குழு எனப் பாடந்தோறும் நிலை தனித்தனியே அமையட்டும். சில வாரங்களுக்கு ஒருமுறை குழுக்கள் கலைந்து புதிதாய் அமையட்டும். வகுப்புக்கோர் ஆசிரியர் வரட்டும். வழி பலவாகலாம், சென்றடையும் இடம் எல்லோர்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும்!

மேட்டூரில் மதகு திறந்ததும் பாசனம் முடிந்ததென எந்த உழவனும் மகிழ்வதில்லை. கடைமடைக்கு நீர் வந்ததா என்றே கேட்பான். வகுப்பறையைப் பார்த்து நாம் கேட்பதும் அதுவே: கடைசி வரிசைக்கு எழுத்து வந்ததா?