உடல்வாகும் ஊர்க்காற்றும்

“அவனுக்குக் கப உடம்புங்க, அப்படித்தான் இருமுவான்.” கோவண்டித் தமிழ்க் குடும்பங்களில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வாதம், பித்தம், கபம் என்று உடல்வாகை வகுக்கும் சித்த மருத்துவம், ஆளின் குணத்தையும் அதனோடு சேர்த்தே பார்க்கிறது. கொரியாவில் லீ ஜேமா 1894-இல் எழுதிய நூலின் போக்கும் ஏறக்குறைய இதுவே. நுரையீரல், மண்ணீரல், கல்லீரல், சிறுநீரகம் இவற்றுள் எது வலியது, எது மெலியது என்று பார்த்து மனிதரை நான்கு வகையாக்கினார் அவர். நோய் ஒன்றானாலும் ஆளுக்கு ஆள் மருந்து மாறும் என்றார். நோயோடு ஆளையும் பார்ப்பது இவ்விரு மரபுகளுக்கும் உள்ள சிறப்பு.

நாம் அதைக் கையாளும் விதத்தில்தான் நான் குறை காண்கிறேன். வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரம் வளி முதலான மூன்றைச் சொல்வதோடு நிற்கவில்லை. நோய்க்குக் காரணம் எது என்று தேடவும் சொல்கிறது. நாமோ பாதியிலேயே நின்றுவிட்டோம்.

கோவண்டியை ஒட்டிய தேவனார் குப்பைமேடு 1927-இல் தொடங்கியது. 2016 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது புகை நாட்கணக்கில் சூழ்ந்திருந்தது. இந்தக் காற்றில் இருமும் பிள்ளையைக் ‘கப உடம்பு’ என்று விட்டுவிட்டால், புகையை யார் கேட்பது? காசநோயை யார் கண்டுபிடிப்பது? உடல்வாகு பார்த்துப் பத்தியம் வையுங்கள், தவறில்லை. ஆனால் இரண்டு வாரம் இருமல் விடவில்லையென்றால், காசநோய்ப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள்.