ராசியா, கணக்கா?

நாடகம் ஒன்று நாலு ஆட்டத்தோடு நின்றுவிடுமாயின், நம்மவர் அதற்குக் கற்பிக்கும் காரணங்கள் விந்தையானவை. “கொட்டகைக்கு ராசியில்லை” என்பார் ஒருவர். “திரை தூக்கிய நேரம் சரியில்லை” என்பார் மற்றொருவர். மூன்றாமவரோ பூசணிக்காய் உடைக்காத குற்றமென்று தீர்ப்பே கூறிவிடுவார். ஏட்டைப் புரட்டிக் கணக்குப் பார்ப்போம் என்பார் ஒருவரும் இலர். சங்கீத நாடகத்தின் ஆயுளை நிர்ணயிப்பது கிரகமன்று. வாரந்தோறும் எழுதப்படும் வரவு செலவேயாகும். இதனை அறிய, உலகில் மிகப் பெருந்தொகை புரளும் நாடக வட்டாரமாகிய நியூயார்க் நகரத்துப் பிராட்வேயைச் சற்றே நோக்குவோம்.

அங்கே நம் தமிழர் ஒருவரின் இசையும் ஒலித்ததுண்டு. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த ‘பம்பாய் டிரீம்ஸ்’ 2002 ஜூனில் லண்டனில் அரங்கேறி ஈராண்டு காலம் நடைபெற்றது. 2004 ஏப்ரல் 29இல் அது பிராட்வேக்கு வந்தது. அமெரிக்க ரசிகர்களுக்கென்று கதையைத் திருத்தினர். சுமார் 1 கோடியே 40 லட்சம் அமெரிக்க வெள்ளியை முதலாகப் போட்டனர். எனினும் 284 ஆட்டங்களோடு 2005 ஜனவரி 1இல் திரை விழுந்தது. போட்ட முதல் மீளவில்லை. லண்டனில் இருந்த ராசி நியூயார்க்கில் தொலைந்து போயிற்றோ? அன்று. சேரிப் பையன் சினிமா நட்சத்திரமாகும் அக்கதை மெலிந்ததே, இசையோ துடிப்புள்ளது. லண்டனில் வாழும் இந்திய வமிசத்தார் அவ்விசையைக் கேட்கத் திரண்டு வந்தனர். நியூயார்க்கிலோ அத்தகைய கூட்டம் வாரந்தோறும் கொட்டகையை நிரப்பப் போதவில்லை. அவ்வளவே செய்தி.

அங்குக் கணக்கு நடக்கும் விதத்தைக் கேளுங்கள். வாரத்திற்குப் பெரும்பாலும் 8 ஆட்டங்கள். ஞாயிறோடு வாரம் முடியும். எந்த நாடகம் எவ்வளவு வசூலித்தது, எத்தனை பேர் பார்த்தனர், நூற்றுக்கு எத்தனை இருக்கை நிரம்பிற்று என்ற பட்டியலைப் பிராட்வே லீக் என்னும் சங்கம் வாரந்தோறும் வெளியிடுகிறது. நாடக முதலாளிக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, திரை தூக்குமுன் செலவிட்ட மூலதனம். மற்றொன்று, நடிகர், வாத்தியக்காரர், மேடைத் தொழிலாளர் ஆகியோர் சம்பளம், கொட்டகை வாடகை, விளம்பரம், ஆசிரியர்க்குரிய பங்கு என்னும் வாரச் செலவு. வசூலில் வாரச் செலவு போக மிஞ்சியதே மூலதனத்தை அடைக்கும். மிஞ்சாவிடில் கடன். தொடர்ந்து இரண்டு வாரம் வசூல் குறித்த தொகைக்குக் கீழே இறங்கினால், நாடகத்தை வெளியேற்றக் கொட்டகைக்காரருக்கு உரிமை தரும் ஒப்பந்தமும் அங்கு வழக்கம். விற்காத துணியை நாளை விற்கலாம். விற்காத இருக்கையோ மழையில் கரைந்தோடிய மங்குப் பாலைப் போன்றது. திரை எழுந்தபின் அதற்கு விலையில்லை.

வசூல் பெருத்தால் நாடகம் வாழ்ந்துவிடும் என்றும் எண்ணற்க. 2011இல் அரங்கேறிய ‘ஸ்பைடர்மேன்’ சங்கீத நாடகத்திற்கு ஆன செலவு சுமார் 7½ கோடி வெள்ளி. அவ்வாண்டு கிறிஸ்துமஸை அடுத்த ஒரே வாரத்தில் அது 29 லட்சம் வெள்ளி வசூலித்து அந்நாள்வரை காணாத சாதனை படைத்தது. ஆனால் அந்தரத்தில் பறக்கும் வித்தைகளுக்கு ஆன வாரச் செலவே பல லட்சங்களை விழுங்கிற்று. 2014 ஜனவரி 4இல் அது பெருநஷ்டத்தோடு மூடப்பட்டது. ஆடம்பரம் கலையைக் காப்பாற்றாது என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

நிற்க. ‘பேண்டம் ஆப் தி ஆப்பரா’வின் முடிவு இன்னும் உருக்கமானது. 1988 ஜனவரி 26 முதல் நடந்துவந்த அந்நாடகத்தில் 27 வாத்தியக்காரர்கள் வாசித்தனர். 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பிராட்வே முழுதும் மூடப்பட்டு, மறு ஆண்டு திறந்தபின், சுற்றுலாப் பயணிகள் முன்போல் வரவில்லை, செலவோ ஏறிற்று. 2023 பிப்ரவரியில் நிறுத்துவதாக 2022 செப்டம்பரில் அறிவித்தனர். அறிவித்ததுதான் தாமதம், மக்கள் முண்டியடித்தனர்! நாடகம் ஏப்ரல் 16 வரை நீடித்தது. இறுதி வாரத்தின் வசூல் 30 லட்சம் வெள்ளியைத் தாண்டிற்று. 13,981 ஆட்டங்களோடு திரை விழுந்தது. உயிரோடிருக்கையில் கஞ்சி வாராதவர் பாடைக்கு மாலை சுமந்து வந்த கதையன்றோ இது?

இனி, வசூலை என் செய்வது என்பதே பெருங்கேள்வி. நியூயார்க்கில் பப்ளிக் தியேட்டர் என்னும் லாப நோக்கற்ற கழகம் ஒன்றுண்டு. ஜோசப் பாப் என்பார் அதனைத் தோற்றுவித்து, நகரத்துப் பூங்காவில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கட்டணமின்றி மக்களுக்குக் காட்டினார். அக்கழகத்தில் 1975இல் பிறந்த ‘எ கோரஸ் லைன்’, வேலை தேடிவரும் சாதாரண ஆட்டக்காரர்களின் கதை. அது பிராட்வேக்குச் சென்று 1990 வரை 6,137 ஆட்டங்கள் நடந்தது. அதன் லாபம் கழகத்திற்குப் பல்லாண்டு கைகொடுத்தது. செல்வர் கொடுத்த சீட்டுக்காசு, காசில்லாதவர் நாடகம் பார்க்க உதவிற்று. வசூலுக்கு இதனினும் மேலான பயன் யாது?

ஆகவே அன்பர்களே, வசூல் பட்டியல் கலையின் தரத்தை அளக்கும் கோலன்று. நாடகத்தைத் தரம் பார்ப்பது விமர்சகன் வேலை. அதனைத் தாங்குவது மக்கள் வேலை. நாம் செய்வதென்ன? நம் சங்கத்து இளைஞர்கள் வேலை முடிந்து இரவிரவாய் ஒத்திகை பார்த்து நாடகம் போட்டால், இலவசச் சீட்டுக் கேட்டு முன்வரிசையில் அமர்கிறோம், மாலை போட்டுக்கொள்கிறோம், மறுநாள் “தமிழ் நாடகம் அழிகிறதே” என்று கண்ணீரும் வடிக்கிறோம். தோட்டத்துத் தொழிலாளி தன் கூலியில் எடுத்துக் கொடுக்கும் ஒரு வெள்ளி, பெரிய மனிதர் பத்துப் பேரின் பாராட்டுரையைவிட நாடகத்திற்கு உரமூட்டும்.

பூசணிக்காய் வாங்கும் காசுக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். சங்கத்தாரும் தங்கள் வரவு செலவை மறைக்காது சபையில் படிக்கட்டும். ராசி தானே வந்து சேரும்!