இழுக்கிற குதிரைக்கு எந்தக் கடிவாளம்?

குதிரை கைக்கு அடங்காமல் இழுத்துக்கொண்டு ஓடினால், அடுத்த நாளே அதன் வாயில் இன்னும் கடுமையான கம்பியை மாட்டிவிடுவது குதிரைக்காரர்களிடையே உள்ள பழக்கம். அதுவும் மரத்துப்போனால் அதைவிடக் கடுமையானது. பழக்கம் பழையதுதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் ஸெனபோன், ஒரு குதிரைக்குக் குறைந்தது இரண்டு கடிவாளமாவது வேண்டும் என்கிறார். ஒன்று வழவழப்பானது, இன்னொன்று முள் வைத்தது. முள்ளின் உறுத்தலை அறிந்த குதிரைக்குத்தான் வழவழப்பின் அருமை தெரியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் சரி என்பது என் எண்ணம்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடலாம். 500 கிலோ எடையுள்ள பிராணியை மனிதன் கைவலுவால் நிறுத்த முடியாது. சர்வதேச ஈவென்டிங் போட்டியின் மேல்நிலைகளில் குதிரை நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில், அசையாத மரத்தடைகளைத் தாண்டி ஓடுகிறது. அங்கே சொல் கேட்காத குதிரை தானும் விழும், மேலிருப்பவரையும் கொல்லும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கூடுதல் பிடி தருகிற கம்பி வேண்டும் என்பவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். பெல்ஹாம் கடிவாளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு இரண்டு ஜோடி வார். மேல் வாரைப் பிடித்தால் சாதாரணக் கடிவாளம் போலவே இருக்கும். தேவைப்படும் நொடியில் மட்டும் கீழ் வாரைத் தொட்டுவிட்டு விடலாம். பல மணி நேரம் சாதாரணக் கம்பியில் மல்லுக்கட்டுவதைவிட இது குதிரைக்கு நல்லது. ஆனால் பலர் இரண்டு வளையங்களையும் ஒரு தோல்பட்டையால் இணைத்து ஒற்றை வாராக்கிவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் பெல்ஹாமின் ஒரே நன்மையும் அதோடு போய்விடுகிறது.

குறை எங்கே என்று தெரிய வாயைத் திறந்து பார்க்க வேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே கீழ்த்தாடையில் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. கம்பி நிற்பது அங்கேதான். எலும்பின் விளிம்பை அங்கே மெல்லிய ஈறு மட்டும் மூடியிருக்கிறது. நடுவில் நாக்கு கம்பியின் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. கர்ப் வகைக் கடிவாளத்தில் பக்கத்துக்கு ஒரு நெம்புகோலும் தாடைக்கு அடியில் ஒரு சங்கிலியும் சேர்கின்றன. நெம்புகோலின் நீளம் வாய்க்கம்பிக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். தாடைச் சங்கிலி இறுகியபின் கையில் 1 கிலோ இழுவை என்றால், சங்கிலியில் 2 கிலோ, வாயில் 3 கிலோ. சர்வதேச டிரெஸ்ஸாஜ் (நடைநேர்த்திப் போட்டி) விதிகள் நெம்புகோலின் கீழ்ப்பகுதி நீளத்தை 10 செ.மீ.க்கு மேல் அனுமதிக்காததற்கு அர்த்தம் இருக்கிறது. தேர்ந்த கைக்கு இந்தப் பெருக்கம் வரம். விரலை மூடினாலே செய்தி போய்ச் சேரும். உடம்பு ஆடும்போதெல்லாம் வாரைப் பிடித்துத் தொங்குகிற கைக்கு இதைக் கொடுத்தால் வாய் புண்ணாகும். வலியிலிருந்து தப்ப குதிரை இன்னும் வேகமாக ஓடும். ‘முன்னைவிட முரடாகிவிட்டது’ என்பார் சொந்தக்காரர்.

புண் வெளியே தெரியாது என்பதுதான் இதில் மோசம். பின்லாந்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டப்பந்தயம் முடிந்த கையோடு 261 டிராட்டர் (துள்ளுநடைப் பந்தய) குதிரைகளின் வாயைச் சோதித்தார்கள். கம்பி படும் பகுதியில் புதுக்காயம் இருந்தவை 84 சதவீதம். வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்தவையோ மிகச் சில. அதே ஆண்டில் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில் 3,143 போட்டிக் குதிரைகளைப் பார்த்ததில் 9.2 சதவீதத்துக்குக் கடைவாயில் புண். போட்டியின் தரம் ஏற ஏறப் புண்ணும் கூடியிருந்தது. கம்பியின் வகைக்கும் புண்ணுக்கும் அங்கே தொடர்பு தென்படவில்லை. கடைக்குப் போய்க் கம்பியை மாற்றினால் தீரும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு குதிரை ஏன் இழுக்கிறது? கடைவாய்ப் பல்லின் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கலாம். அதற்கு முன்னால் முளைக்கும் சிறு பல்லில் கம்பி இடிக்கலாம். சேணம் முதுகை அழுத்தலாம். வேலை குறைவாகவும் தானியம் அதிகமாகவும் இருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் பயிற்சிக் கோளாறு. குதிரை கற்பது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் நீங்கும் கணத்தால். நின்ற பிறகும் வாரைத் தளர்த்தாதவர், நிற்பதால் பயனில்லை என்று தானே அதற்குக் கற்றுக்கொடுக்கிறார்.

‘தடித்த கம்பி சாது, மெல்லியது கொடுமை’ என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். சிறிய வாயும் சதைப்பற்றான நாக்கும் உள்ள குதிரைக்குத் தடித்த கம்பி மூச்சுமுட்டும். அது வாயைப் பிளக்கும், நாக்கை இழுத்துக் கம்பிக்கு மேலே போடும். உடனே மூக்குவாரை இறுக்கி வாயை மூடுவார்கள். எனக்கு இதைவிட எரிச்சல் தரும் வைத்தியம் வேறில்லை.

முள் கடிவாளத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. நம் நாட்டில் வண்டிக் குதிரைக்கும் கல்யாண ஊர்வலக் குதிரைக்கும் அதை மாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான வதைத் தடுப்பு விதிகளில் 8ஆவது விதி அதைத் தெளிவாகத் தடைசெய்கிறது. கூட்டத்தில் மிரளும் குதிரையை வேறெப்படி நிறுத்துவது என்று கேட்கிறார்கள். மிரளும் குதிரையைக் கூட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பதே பதில்.

ஆக, இழுக்கிற குதிரைக்குக் கடுமையான கம்பி வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், அதில் ஒரு பங்கை முதலில் பல் பார்க்கும் கால்நடை மருத்துவருக்குக் கொடுங்கள். மிச்சத்தில் சவாரி ஆசிரியரிடம் போய் உங்கள் கையைக் காட்டுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் இரட்டை வார் பெல்ஹாம் வாங்கலாம். போட்டி நாளுக்கு மட்டும்.