கைப்பட்டைக்குள் ஒரு சத்தம்

ரத்த அழுத்தம் பார்க்கும் முறையில் எனக்குப் பிடித்தது, அதைக் காதால் அளப்பதுதான். தடையில்லாமல் ஓடும் ரத்தம் சத்தம் போடாது. முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காது. பட்டையில் காற்றடித்துத் தமனியை நசுக்கி, மெல்லத் தளர்த்தினால், இடுக்கு வழியே ரத்தம் பீறிட்டுச் சுழல்கிறது, தமனிச் சுவர் அதிர்கிறது. 'டக் டக்'! முதல் சத்தம் மேல் அளவு, சத்தம் அடங்குமிடம் கீழ் அளவு.

1896இல் பட்டையைத் தந்த இத்தாலியர் ரிவா-ரோச்சி, நாடியைத் தொட்டுத்தான் பார்த்தார். 1905இல் காது கொடுத்துக் கேட்டவர் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ். எவ்வளவு எளிய யோசனை!

அடுத்தமுறை கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். 10 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே அளவு சுமார் 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும்.